வாசலில் ஓர் ஏரிக்கரை

பொடுதலை வேண்டுமென்று நர்சரியில் கேட்டால் கையை விரிப்பார்கள். "அது ஏரிக்கரையில கெடக்குமேம்மா" என்று அனுப்பிவைப்பார்கள். உண்மைதான். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, எங்கள் மணவாள நகரைச் சுற்றி எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஏரியோ தாங்கலோ குட்டையோ எதிர்ப்படும். ஏரி இருந்தால் மதகு இருக்கும். மதகுக்குக் கீழே கசிவு நிற்கிற இடத்தில், மாடு மிதித்து மண் இறுகிய தடத்தில், தரையை விட்டு எழும்பாமல் பரந்து கிடப்பது பொடுதலை.

நின்ற வாக்கில் பார்ப்பவர்களுக்கு அது புல். குனிந்தால்தான் பூ தெரியும். இலை சின்னது, காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்றிருக்கும், அகன்ற பாதியில் மட்டும் ரம்பப் பல் வெட்டியிருக்கும். இலைக் கக்கத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காம்பு நேராக எழும்பும். அதன் உச்சியில் கருஞ்சிவப்பாக ஒரு சிறு கொண்டை. அந்தக் கொண்டையின் இடுப்பைச் சுற்றி ஒரே வளையமாக வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் எள்ளுக்குச் சற்றுப் பெரிதாக, தொண்டையில் மஞ்சள் பொட்டோடு. இன்று அடியில் பூத்தது வாடினால் நாளை அதற்கு மேல் வரிசை பூக்கும். வளையம் மேலே ஏற ஏறக் கொண்டை நீண்டு உருளையாகும். பூவுக்கு வயசானால் மஞ்சள் பொட்டு இளஞ்சிவப்பாக மாறும். கார்த்திகை மாதத்து ஈரத்தில் ஒரு சதுர அடிக்குள் எத்தனை கொண்டை எழும்பியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது.

இந்தச் செடியைத்தான் எங்கள் வீட்டு வாசலில் வளர்க்கிறேன். தொட்டியில் இல்லை, தரையில். கேட்டிலிருந்து திண்ணை வரைக்கும், பவழமல்லி மரத்தடி தவிர, அதன் இடம்தான். அதற்குத் தெரிந்த வேலை பரவுவது. அதைப் பரவ விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தது எங்கள் ஆயா. அப்பா 70களில் இங்கே மண் வாரும் எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது இந்துஸ்தான் மோட்டார்ஸ். பின்னால் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. காலை ஷிப்டுக்குச் சைக்கிள்கள் வரிசை வரிசையாகப் போகும். அந்தச் சைக்கிள்காரர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீடுகளால் வளர்ந்த ஊர் இது. முன்னால் வயல், பின்னால் வயல், நடுவில் மனை போட்ட தெரு. எங்கள் வீடு மனையில் பாதியைத்தான் அடைத்துக்கொண்டது. மீதிப் பாதி வெறும் மண், அதில் ஓர் அடிபம்பு. தெருவில் பலருக்கும் அந்தப் பம்புதான். குடம் நிரம்பி வழிகிற தண்ணீர் ஓடிப் போக வழியில்லாமல் பம்படியில் எப்போதும் சேறு. ஆயா அந்தச் சேற்றைப் பார்த்து, ஏரிக்கரையிலிருந்து மடி நிறையப் பொடுதலைக் கொடி கொண்டுவந்து, குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறி, கொடியைப் படுக்க வைத்து, மேலே மண்ணள்ளிப் போட்டுக் காலால் மிதித்தாள். நடுவதற்குச் செடியை மிதிப்பவளை அன்றுதான் பார்த்தேன். கேட்டதற்கு, "மண்ணு கணுவத் தொடணும்டி கண்ணு. மெதிச்சாத்தான் தொடும்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தச் செடியின் முழு வித்தையும் இருக்கிறது. கொடி தரையில் ஓட ஓடக் கணுவுக்குக் கணு வேர் விடும். முழ நீளக் கொடியில் பல இடங்களில் வேர் பிடித்திருக்கும். நடுவில் அறுந்தால் இரண்டு துண்டும் தனித்தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்ளும். மாட்டுக் குளம்பு அழுத்த அழுத்த, கணு மண்ணுக்குள் இறங்குகிறது. மற்ற செடிக்குச் சாவாக முடிவது இதற்கு நடவாகிறது. ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் பொடுதலை அவ்வளவு அழகாக வராது. உயரப் புல் மூடிக்கொள்ளும். மனிதரும் மாடும் புழங்குகிற இடத்துச் செடி அது. அதனால்தான் வாசலுக்குப் பொருந்துகிறது.

ஆயாவுக்கு அதன் மேல் இருந்த அக்கறை முதலில் மருந்துக்காக. அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போவாள். வைத்திய வீரராகவர் என்று பெயர் பெற்ற பெருமாள். நோய் தீர வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் கொட்டுகிற சந்நிதி. ரயில்பாதையைத் தாண்டி வடக்கே போய்ப் பெருமாளிடம் சொல்லிவிட்டு, தெற்கே வந்து தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்வாள். எங்கள் தலையில் பொடுகு கண்டால் பம்படிக்குப் போய்ப் பொடுதலையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிவருவாள். அம்மியில் தண்ணீர் தெளிக்காமல் அரைத்துத் துணியில் பிழிவாள். சாறும் நல்லெண்ணெயும் சரிக்குச் சரி. இரும்புச் சட்டியில், விறகைப் பின்னுக்கு இழுத்து, சிறு தீயில். பச்சை வாசம் போய் எண்ணெய் தெளிந்து வரும்போது ஒரு திரியை அதில் நனைத்து நெருப்பில் காட்டுவாள். படபடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது; சத்தமில்லாமல் நின்று எரிந்தால் தைலப் பதம். அந்த எண்ணெயின் பச்சை நிறமும், சனிக்கிழமை வெயிலில் தலையிலிருந்து கழுத்துக்கு அது வழிகிற சூடும் எனக்கு இன்னும் உடம்பில் இருக்கின்றன. சித்த மருந்துக் கடைகளில் பொடுதலைத் தைலம் இப்போதும் புட்டியில் கிடைக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் திரி எரியும் சத்தத்தைக் கேட்டு அடுப்பை அணைத்தவளின் காதைப் புட்டியில் அடைக்க முடியாது.

துவையலும் உண்டு. இலையை நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், இஞ்சி, கொஞ்சம் புளி, உப்பு வைத்துக் கரகரப்பாக அரைப்பது. லேசான கசப்பு, பின்னால் துவர்ப்பு. மூலச்சூட்டுக்கு நல்லது என்று பெரியவர்களுக்குச் சுடுசோற்றில் போடுவார்கள்; அப்பா நைட் ஷிப்டு முடிந்து வந்த நாட்களில் அதுதான் அவர் தட்டில். நான் இதைப் பெரும்பாலும் ருசிக்காகவே செய்கிறேன்.

ஆயா இருந்தவரை அவள் போகும் ஏரிக்கரையும் இருந்தது. பிறகு அந்தப் பாதை கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டது. மதகுக்குக் கீழே இருந்த கழனிகள் மனைகளாயின. பாசனம் நின்றதும் கசிவு நின்றது. கரையின் மேல் சீமைக் கருவேலம் ஏறியது. உள்வாயில் நெய்வேலிக் காட்டாமணக்கு. தண்ணீரின் மேல் ஆகாயத்தாமரை. மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பொடுதலைக்கு வெயில் வேண்டும். முள் நிழல் விழுந்த இடத்தில் அது வெளிறி, நீண்டு, பூக்காமல் போகும். ஆட்கள் போகாத கரையில் உயரப் புல் அதை மூடும். ஏரி என்றால் நாம் தண்ணீரை மட்டும் நினைக்கிறோம். தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே, மழைக்கு முழுகி வெயிலுக்குத் தலைகாட்டுகிற ஒரு விளிம்பு இருக்கிறதே, அங்கே வாழ்கிறவைதான் அதிகம்: நீர்முள்ளி, நீர்ப்பிரமி, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, பொடுதலை. மருந்தும் கீரையும் அந்த விளிம்பில்தான். ஏரியின் பரப்பை அளந்து பட்டா போடலாம். அந்த விளிம்பு எந்தக் கணக்கிலும் வராது. அது போவதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த விளிம்புக்கு எங்கள் பக்கத்தில் வேறோர் அடைக்கலம் கிடைத்தது: ரயில்பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் திருவள்ளூர் வழியாகத்தான். பாதை மேட்டை எழுப்ப அக்கம்பக்கத்து மண்ணைத்தான் வெட்டிப் போடுவார்கள். வெட்டிய இடம் பள்ளமாகி மழைத் தண்ணீர் தேங்கும். மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஏகாட்டூர், கடம்பத்தூர்ப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டு போவேன். நீர்முள்ளியின் ஊதாப் பூ வண்டியிலிருந்தே தெரியும். பொடுதலை தெரியாது, அது இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டைப் புதுப்பித்தபோது வாசல் கேள்விக்கு வந்தது. கொத்து வேலை பார்த்த மேஸ்திரி நல்ல மனுஷர், எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சுவர் அவர் கை. "மொத்தமா சிமெண்டு போட்டுடலாம்மா, இல்லாட்டி பேவர் பிளாக் பதிச்சுடலாம். கழுவி வுட்டா காஞ்சு போயிடும். பூச்சி பொட்டு அண்டாது" என்றார். தெரு முழுக்க அப்படித்தான் ஆகியிருந்தது. மழை பெய்தால் எல்லா வாசல் தண்ணீரும் சரிவாகத் தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரை ராத்திரி ஒன்பது மணிக்கும் சூட்டைக் கக்கும். என் வீட்டுக்காரர் இரண்டையும் யோசித்தார். வண்டி நிறுத்த ஓர் ஓரம் மட்டும் கல் பதித்துக்கொள்வோம், மற்றது மண்ணாகவே இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

பம்படியில் ஆயா நட்டது அப்போது ஒரு முறத்தளவுக்குச் சுருங்கியிருந்தது. பம்பு பழுதாகி, தண்ணீர் வழிவது நின்று வருடங்களாகியிருந்தன. அங்கிருந்துதான் எடுத்தேன். ஐப்பசி அடைமழை தொடங்கியதும் மண்ணை ஒரு கை ஆழம் கொத்தி, கட்டட வேலையில் விழுந்த கல்லையும் காரைத் துண்டையும் பொறுக்கி, தொழு எரு கொஞ்சம் கலந்து சமன் செய்தேன். எரு அதிகம் வேண்டாம். கொழுத்த மண்ணில் இலை பெருக்கும், பூ குறையும். கொடிகளைச் சாண் நீளத்துக்கு வெட்டி, வரிசைக்கு வரிசை ஒரு சாண் விட்டு, பள்ளம் கீறிப் படுக்க வைத்தேன். நுனியும் நாலு இலையும் வெளியே, மற்றதெல்லாம் மண்ணுக்குள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன். மழை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டது. தை பிறக்கும்போது வரிசைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அடுத்த ஆனி ஆடிக்குள் எது வரிசை, எது இடைவெளி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வளர்ப்பில் கஷ்டம் என்று சொல்ல ஒன்றுதான்: முதல் மழைக்காலத்தில் கோரை. கோரைக்கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் பொடுதலை மூடும் முன்பு அது முந்திக்கொள்ளும். உட்கார்ந்து கிழங்கோடு தோண்டி எடுக்கத்தான் வேண்டும். பார்த்தீனியம் முளைத்தால் பூக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். பொடுதலை நன்றாக மூடிய பிறகு இரண்டுமே குறைந்துவிட்டன. அறுகம்புல் மட்டும் போகவில்லை, போக வேண்டுமென்று நான் நினைக்கவும் இல்லை. ஏரிக்கரையில் அவை இரண்டும் சேர்ந்தே கிடந்தவை. பிள்ளையாருக்கும் வேண்டும்.

கோலத்துக்கு இடம் விடுவதில்தான் பொடுதலைக்கும் எனக்கும் நித்தம் ஒரு பேச்சு. கேட்டுக்கு உள்ளே ஒரு சதுரம் சாணம் தெளித்துக் கோலம் போட. பெருக்குகிற இடத்தில் கொடி கால் வைக்காது என்று நினைத்திருந்தேன். அதற்குச் சாணித் தண்ணீர் விருந்து. மார்கழியில், பெரிய கோலம் போடுகிற நாட்களில், ஓரப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நுனி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டுவதில்லை, நுனியைப் பிடித்துத் திருப்பி உள்ளே விட்டுவிடுவேன், போன பாதையில் திரும்ப ஓடும். பச்சைக் கரை கட்டிய அந்தச் சதுரத்தில் வெள்ளைக் கோலம் விழுந்த காலைகளில் எங்கள் வாசல் இந்தத் தெருவிலேயே அழகானது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஆரம்பத்தில் பாம்பு வரும் என்று பயந்தார். நியாயமான பயம்தான், வயலாக இருந்த ஊர், மழைக்குச் சாரை வரும், கண்ணாடி விரியனும் வந்திருக்கிறது. ஆனால் பொடுதலை கணுக்காலுக்கு மேல் உயர்வதில்லை. அதற்குள் எலி மறைய இடமில்லை, எலி இல்லாத இடத்தில் பாம்புக்கு வேலையில்லை. தேங்கிய குப்பையும் அடுக்கிய செங்கல்லும்தான் அவற்றுக்கு வீடு. அக்கா இப்போது மாலையில் எங்கள் வாசலில்தான் வெறுங்காலோடு நடக்கிறார்.

பூ வந்ததும் தேனீ வந்தது. கொம்புத் தேனீ முதலில், பிறகு அதைவிடச் சிறிய கொசுத்தேனீ. அந்தச் சிறிய பூவின் தொண்டைக்கு அளவெடுத்தது போன்ற வாய் அவற்றுக்கு. நகத்தளவு நீலச் சிறகு வண்ணத்துப்பூச்சிகள் தரையை ஒட்டியே பறந்து கொண்டைக்குக் கொண்டை உட்காரும். அதன் பிறகு ஒரு மழைக்காலத்தில் இலைகள் கடிபட்டிருந்தன. கவிழ்த்துப் பார்த்தால் கருத்த கம்பளிப்பூச்சிகள், உடம்பெல்லாம் கிளைத்த முள். மருந்தடிக்கச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவை யாரென்று தெரிய வேண்டியிருந்தது. இரண்டை இலையோடு கண்ணாடிப் புட்டியில் விட்டு, வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். கூட்டுப்புழுவாகித் தலைகீழாகத் தொங்கி, ஒரு காலையில் வெளியே வந்தது மயில் வசீகரன்: ஆரஞ்சுச் சிறகு, அதில் மயிற்பீலிக் கண்கள், பின்சிறகில் பெரியதாக ஒன்று. அது முட்டையிடும் செடிகளில் நீர்முள்ளி ஒன்று, பொடுதலை ஒன்று. இரண்டும் ஏரி விளிம்பின் செடிகள். எங்கள் ஊரில் இரண்டும் கரையிலிருந்து குறைந்துகொண்டே வருகின்றன. நான் வளர்த்தது மருந்து என்று நினைத்திருந்தேன். அது இன்னொருவருடைய தொட்டிலாகவும் இருந்தது.

பிறகு அதைப் பின்தொடர்வதே என் மாலை வேலையாகிப்போனது. மழை மாதங்களில் சிறகை மூடி உட்காரும்போது அடிப்பக்கத்திலும் கண்கள் தெரியும், சிறகு விளிம்பு ஓரளவு உருண்டிருக்கும். மாசி பங்குனியில் பிறக்கிறவை வேறு உடை. முன்சிறகு நுனி கொக்கியாக வளைந்து, பின்சிறகு வால்போல நீண்டு, மூடினால் நடுநரம்பு ஓடிய காய்ந்த இலையேதான். அடிக்கண்கள் காணாமல் போயிருக்கும். ஒரே இனம், பருவத்துக்கு ஒரு வடிவம். பச்சை செழித்த காலத்துக்குக் கண் காட்டிப் பயமுறுத்துவது, எல்லாம் காய்ந்த காலத்துக்குச் சருகாக மறைவது. 2019இல் தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது. அது மேற்கு மலைக்காட்டுக்காரர், மணவாள நகருக்கு வர மாட்டார். எனக்கு என் வாசல் வசீகரன் போதும்.

அந்த 2019ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கொற்றலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்து, சத்தியமூர்த்தி பெயர் வைத்த பூண்டி நீர்த்தேக்கம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊர்க்காரர்களான நாங்களே லாரிக்குக் காத்திருந்தோம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கம் போன ரயில் எங்கள் பாதை வழியாகத்தான் போனது. அந்தச் சமயத்தில் செடிக்கென்று தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. அரிசி களைந்தது, காய் கழுவியது, அவ்வளவுதான்; அதுவும் பவழமல்லிக்கு முதலில். வாசல் மெல்லப் பழுப்பானது. இலை சுருங்கி உதிர்ந்து, நரம்பு மாதிரி கொடிகள் மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு வலை. செத்ததென்றே வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒரு கணுவை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. ஆடி முடிந்து ஆவணியில் இடிமழை இறங்கியதும் கணுவுக்கு இரண்டாக ஊசிமுனைப் பச்சை எழும்பியது. புரட்டாசியில் பூத்தது.

அதற்கு முன் 2015இல் எதிர்த் திசைச் சோதனை. நவம்பர், டிசம்பர் மழையில் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர்; வாசலில் திண்ணைப் படி வரை. பல நாள் நின்றது. தொட்டிச் செடிகளெல்லாம் வேரழுகிப் போயின. வாசல் முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருந்தது பொடுதலை. நீர் வடிந்தபோது மேலே வண்டல் ஒரு படலம், அதற்குள்ளிருந்து இலை. அது பிறந்த இடமே அப்படித்தான்; ஐப்பசியில் ஏரிக்குள், ஆனியில் வெடிப்பு மண்ணில். நாம் வெள்ளம் என்றும் பஞ்சம் என்றும் பெயர் வைத்துப் பதறுகிற இரண்டையும் தொண்டை நாட்டு ஏரிக்கரைச் செடி வருடா வருடம் சிறிய அளவில் பழகிவந்திருக்கிறது. எங்கள் வாசல் மண் அந்த இரண்டு வருடத்திலும் அரிக்கவில்லை, பறக்கவும் இல்லை.

நர்சரிகள் இதை விற்காததில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தரையை மூட ஏதாவது வேண்டுமென்று போகிறவர்களுக்குக் கொரியன் புல்லைப் பாய் பாயாக வெட்டித் தருகிறார்கள். கோடையில் தினம் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது காய்ந்துவிடும். இல்லையென்றால் மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியா. அது வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்தது, தோட்டத்திலிருந்து தப்பி வாய்க்கால் கரைகளை மூடிக்கொள்வது, உலகத்தின் பல நாடுகளில் ஆக்கிரமிப்புச் செடி. அழகாக இருக்கிறதே என்று 19ஆம் நூற்றாண்டில் உண்ணிச்செடியைக் கொண்டுவந்து நட்டவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இன்று அது நம் காடுகளை அடைத்து நிற்கிறது. உண்ணிச்செடி பொடுதலைக்குத் தாவரக் குடும்ப முறையில் உறவு. பரவும் குணம் இரண்டுக்கும் உண்டு. பரவுவது குற்றமில்லை, எங்கே பரவுகிறது என்பதுதான் கேள்வி. பொடுதலையின் இன்னோர் உறவான, தென்னமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அலங்காரத்துக்குப் போன லிப்பியா, அங்கே மர்ரே-டார்லிங் ஆற்றுப் படுகையில் மேய்ச்சல் நிலத்தை மூடிப் பெரும் தலைவலியாகிவிட்டது. இங்கே பொடுதலையைத் தின்னப் புழு இருக்கிறது, மேய மாடு இருக்கிறது, நிழல் விழுத்த நாணல் இருக்கிறது, கிள்ளித் துவையல் அரைக்க மனுஷியும் இருக்கிறாள். நாலு பக்கத்திலும் உறவோடு வாழும் செடி அளவோடுதான் பரவும்.

உலகம் அதை அறியாமலும் இல்லை. லின்னேயஸ் 1753இலேயே அதற்குப் பெயரிட்டுவிட்டார். இன்று வழங்கும் ஃபைலா நோடிஃப்ளோரா என்ற பெயர் 1899இல் வந்தது. ஜப்பானில் இந்தச் செடியிலிருந்தே தேர்ந்தெடுத்து வளர்த்த வகைகளைக் குராப்பியா என்ற பெயரில் புல்தரைக்குப் பதிலாக விற்கிறார்கள். தண்ணீர் குறைவாகப் போதும், அடிக்கடி வெட்ட வேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரம். எங்கள் ஆயா சும்மா கொடுத்த சரக்கு அது.

சும்மா கொடுப்பதை நானும் விடவில்லை. வருடத்தில் ஓரிரு முறை, மழைக்கு முன்னால், அரிவாளால் மேலோட்டமாக அறுத்து மட்டம் செய்வேன். அப்படிச் செய்தால் கொடி அடர்த்தியாகும், கொண்டைகள் ஒரே உயரத்தில் எழும்பும். புழு இருக்கிற பக்கத்தை அந்த முறை விட்டுவிடுவேன். அறுத்ததைச் சாக்கில் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்தால் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். ஆவடியில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பெண் பால்கனித் தொட்டிக்கு வாங்கிப் போனாள். வெயில் நாலு மணி நேரமாவது விழ வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மேஸ்திரி தன் பேத்தியின் தலைக்கு எண்ணெய் காய்ச்சக் கேட்டு வந்தார். திரி வைத்துப் பார்க்கும் பதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது; அவருடைய அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாராம்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து காம்பவுண்டுக்கு வெளியே, சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கும் இரண்டடி மண் பட்டையில் நட்டிருக்கிறோம். மாடு மேய்கிறது; மேய்ந்த இடத்தில் பத்து நாளில் துளிர்க்கிறது. எதிர்வீட்டுக் கார் ஏறித் திரும்புகிற இடத்தில் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. இந்த ஐப்பசிக்கு அங்கே கொடியைச் சக்கரத் தடத்துக்குக் குறுக்காகப் படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று அக்கா சொல்கிறார். மிதிக்கிற வேலையைக் காரே பார்த்துக்கொள்ளும்.